தட்டு ஏந்தும் கை, கொடி ஏந்தும் கை

டிக்கெட் விலை 3,000 ரூபாய்! எங்கிருந்து எங்கே? மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு. எத்தனை தூரம்? 46 கிலோ மீட்டர். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தச் சேதி வெளிவந்தபோது எழுந்த கொதிப்பைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா நோயின் காரணமாக, ஏழை எளியோர் ஏறும் அன்றாட மலை ரயில் நின்றுபோயிருந்த காலம் அது. அந்த வேளையில்தான் தனியார் ரயிலை வாடகைக்கு எடுத்தனர். விமானத்தில் நிறுத்துவது போலச் சீருடைப் பணிப்பெண்களைப் பெட்டி வாசலில் நிறுத்தினர். காசு உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறினர். எதிர்ப்பு கிளம்பியது. "விற்றுவிடவில்லை ஐயா, வாடகைக்குத்தான் விட்டோம்" என்ற பொருளில் தென்னக ரயில்வே விளக்கம் தந்தது. டிசம்பர் 31ந் தேதி வழக்கமான வண்டியும் ஓடத் தொடங்கியது. கொதிப்பு அடங்கியது.

கட்டணத்தைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம். பேச வேண்டியதுதான். நாட்டு மக்களின் வரிப்பணத்தில் ஓடும் வண்டியில் நாட்டு மக்கள் ஏற முடியாதென்றால் யார்தான் பேசாதிருப்பார்? ஆனால் பெட்டி வாசலில் நின்றாளே ஒரு பெண், அவளைப் பற்றிய பேச்சு அவ்வளவாக எழவில்லை. எதற்காக நின்றாள் அவள்? வணக்கம் சொல்லவா? தண்ணீர்ப் புட்டி நீட்டவா? சரி, அதுவும் ஒரு வேலைதான். உழைத்துப் பிழைக்கும் எவரையும் நாம் இளப்பமாகப் பேசுவதில்லை. ஆனால் வண்டி காட்டு நடுவே நின்றுவிட்டால்? பெட்டியில் புகை கிளம்பினால்? ஓடும் வண்டியின் கதவை ஒரு குழந்தை திறந்துவிட்டால்? அப்போது அவள் என்ன செய்யவேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? செய்யும் அதிகாரத்தை யார் கொடுத்திருக்க வேண்டும்? இதுதான் நம் கேள்வி.

சேலத்துக்காரர்களுக்கும் நாமக்கல்காரர்களுக்கும் ஊட்டி ரயிலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலைப்பட உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ரயில்வே கோட்டம் வேண்டும் என்று எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தோம்! 2007ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி அந்தக் கோட்டம் பிறந்தது. பாலக்காட்டுக் கோட்டத்தின் கையிலிருந்த நீலகிரி மலைப்பாதையும் அத்துடன் நம் பக்கம் வந்தது. இன்று அந்த மலை ரயிலை ஓட்டுவது சேலம் கோட்டம். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று முத்திரை குத்திய பாதை, நம் ஊர் அலுவலகத்தின் பொறுப்பு. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, ஆத்தூர்க் கிழங்கு மில் தொழிலாளி, இவர்களெல்லாம் கோடை வந்தால் பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாளாவது ஏறிப் பார்க்க ஆசைப்படும் வண்டி அது. நாமக்கல்லாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக லாரி ஓட்டி நாட்டுக்கே சரக்குச் சுமந்தவர்கள், தங்கள் ஊரில் பயணிகள் ரயிலைப் பார்க்க 2013 வரை காத்திருந்தார்கள். சேலம்-கரூர் பாதை அப்போதுதான் திறந்தது. அவ்வளவு காத்திருந்து பெற்ற ரயிலில் உல்லாசப் பயணம் போகிறவன் உயிரோடு திரும்ப வேண்டாமா?

மலை ரயில் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பலமுறை ஏறியவர்களுக்கே தெரியாத விஷயங்கள் அதில் உண்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் போட்ட பாதை; உதகை வரை 1908இல் நீட்டினார்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். அது சாமானிய ஏற்றமல்ல. ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி உயரும். வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இதில் ஏறாது, வழுக்கும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலே பல்சக்கரம். பல்லில் பல் கோத்து, அடிமேல் அடி வைத்து ஏறும். வேகம் மணிக்கு 13 கிலோ மீட்டர்தான். சைக்கிள்காரன் சமதரையில் முந்திவிடுவான். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஏன்? ஏதேனும் ஓர் இணைப்பு அறுந்தாலும் பெட்டி தானாகக் கீழே உருண்டோடிவிடக்கூடாது, எஞ்சின் தாங்கி நிற்கவேண்டும் என்பதற்காக!

பின்னால் நின்று தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியுமா? தெரியாது. வளைவுகள் 208, பாலங்கள் 250, குகைகள் 16. முன்னே பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா, யார் பார்ப்பது? அங்கேதான் வருகிறார் பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர் கையிலே பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. அவர் கொடி அசைக்க, அடுத்தவர் அதைப் பார்த்து அசைக்க, கண்ணுக்குக் கண் சேதி கடந்து டிரைவருக்குப் போகிறது. எஞ்சின் ஊதும் ஊதலைக் கேட்டு அந்தந்தப் பெட்டியின் பிரேக்கை அவரவர் இறுக்குகிறார், தளர்த்துகிறார். மழையிலும் பனியிலும் நிற்கும் இந்த மனிதரைப் பயணிகள் படம்கூட எடுப்பதில்லை. எஞ்சினைத்தான் எடுக்கிறார்கள். அந்த எஞ்சினிலும் சில, திருச்சி பொன்மலைத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டில் புதிதாகச் செய்து கொடுத்தவை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எஞ்சின்களைப் பார்த்து, "எங்களாலும் முடியும்" என்று நீராவி எஞ்சினையே செய்து காட்டினார்கள்.

பிரேக்ஸ்மேனிடம் இருப்பதென்ன என்று பாருங்கள். பயிற்சி இருக்கிறது. கருவி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரம் இருக்கிறது. சிவப்புக் கொடியை அவர் உயர்த்தினால் வண்டி நின்றாகவேண்டும். பெட்டியில் மந்திரி இருந்தாலும் நின்றாகவேண்டும். 3,000 ரூபாய் கொடுத்தவர் அவசரப்பட்டாலும் நின்றாகவேண்டும். அப்படி நிறுத்தியதற்காக மறுநாள் அவர் வேலை பறிபோகாது.

இனி, தட்டு ஏந்தி வரும் சிப்பந்தியைப் பாருங்கள். மலை ரயில் என்று மட்டுமல்ல, உல்லாச ரயில், யாத்திரை ரயில் எதுவானாலும் சரி. அவரை வேலைக்கு வைத்தது ரயில்வே அல்ல, காண்டிராக்டர். அவர் சம்பளம் என்ன, எத்தனை மணி நேர வேலை, எங்கே படுத்து உறங்குகிறார் என்று ரயில்வே கேட்பது அபூர்வம். சம்பளத்தின் பற்றாக்குறையைப் பயணிகள் தரும் இனாம் நிரப்பவேண்டும். காண்டிராக்டரிடம் பயணி புகார் சொன்னால் அடுத்த பயணத்தில் அவர் இல்லை.

கதவோரத்தில் ஒரு வாலிபன் தொங்குகிறான். ஒரு கையில் கைப்பிடி, மறுகையில் படம் பிடிக்கும் கைப்பேசி. கீழே பள்ளத்தாக்கு. சிப்பந்தி பார்க்கிறார். "உள்ளே வா தம்பி" என்று சொல்லவேண்டும். சொல்வாரா? அந்த வாலிபனின் தகப்பனார்தான் இறங்கும்போது 200 ரூபாய் கொடுக்கப் போகிறவர். அவருடைய செல்வ மகனைக் கண்டித்தால் 200 போகும். புகார் வந்தால் வேலையே போகும். ஆகவே சிப்பந்தி சிரிக்கிறார். "பார்த்து சார்" என்கிறார். அப்பால் நகர்கிறார். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது பாதையில் இறங்கி நிற்கிறவர்களை, ஊதல் ஊதியபின் ஓடிவந்து தொற்றுகிறவர்களை, யார் அதட்டுவது? அதட்டும் உரிமை உள்ளவர் கார்டு ஒருவர். 2022இல் அவருக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நீண்டது, கை நீளவில்லை. வண்டி முழுவதற்கும் அவர் ஒருவர்தான்.

சிப்பந்திகளின் நடத்தை சரியில்லை, அதிக விலை வாங்குகிறார்கள், இனாம் கேட்டு நச்சரிக்கிறார்கள், ஏழைப் பயணியிடம் முகத்தைச் சுளிக்கிறார்கள், பெண்கள் இருக்கும் பெட்டியில் மரியாதை தெரியாமல் நடக்கிறார்கள் என்றெல்லாம் புகார்கள் வருகின்றன. பெண்களிடம் தப்பாக நடப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கமாட்டோம். அவன் காண்டிராக்ட் கூலியானாலும், கழுத்து நிறைய மாலை போட்ட தலைவனானாலும் தண்டிக்கப்பட வேண்டியவனே. மற்றப் புகார்களின் வேரை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். இனாமை நம்பிப் பிழைக்க வைத்துவிட்டு, இனாம் கேட்கிறானே என்று கடிந்து என்ன பயன்? பயணிக்கு அடங்கிப்போவதையே தொழிலாகக் கற்பித்துவிட்டு, ஆபத்து வேளையில் பயணியை அடக்கவில்லையே என்று கேட்டு என்ன பயன்?

மதுரையை நினைத்துப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ந் தேதி லட்சுமணபுரியிலிருந்து, அதாவது லக்னோவிலிருந்து, ஒரு தனிப்பெட்டி புறப்பட்டது. சுற்றுலா நடத்தும் தனியார் அந்தப் பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே கோயில் குளம் பார்க்க வந்த வடநாட்டு யாத்திரிகர்கள். அவர்களில் வயோதிகர்கள் பலர். நாகர்கோவிலில் புனலூர்-மதுரை எக்ஸ்பிரஸில் அந்தப் பெட்டியைக் கோத்தார்கள். 26ந் தேதி விடிவதற்கு முன் மதுரை வந்தது. பெட்டியைக் கழற்றி ஓரமாக நிறுத்தினார்கள். எக்ஸ்பிரஸின் டிரைவர் வேலை முடிந்து போனார், கார்டு போனார். காலை 5.15 மணி. உள்ளே அடுப்பு எரிந்தது. யாருக்கும் தெரியாமல் ஏற்றிவந்த கேஸ் சிலிண்டர். பெட்டி பற்றிக்கொண்டது. தீயை முழுதாக அணைக்க 7.15 ஆகிவிட்டது. 9 பேர் மாண்டார்கள். ராமேசுவரம் போகப் புண்ணியம் தேடி வந்தவர்கள், வைகைக் கரையில் வெந்து போனார்கள்.

"பெட்டியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், ஆனால் சிலிண்டர் போன்ற தீப்பற்றும் பொருளைக் கொண்டுவரக்கூடாது, பெட்டி பயணத்துக்கு மட்டுமே" என்பது விதி என்று ரயில்வே அறிவித்தது. சுற்றுலா நடத்தியவர்களின் ஆட்கள் கைதானார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ரயில்வே 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பாதுகாப்பு ஆணையரின் விசாரணையும் நடந்தது.

விதி இருந்தது, உண்மை. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 164வது பிரிவு, ஆபத்தான பொருளை வண்டியில் ஏற்றுகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய்! ஒரு சிலிண்டரின் விலை எவ்வளவோ அவ்வளவு! போகட்டும். விதி ஏட்டில் இருந்தது. பெட்டியில் யார் இருந்தார்? 17ந் தேதி முதல் 26ந் தேதி வரை நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஓடிய பெட்டி. எத்தனை ஜங்ஷன், எத்தனை யார்டு, எத்தனை சீருடை! கழற்றி நிறுத்தப்பட்ட அந்தப் பெட்டிக்கு, காலை 5.15 மணிக்கு, கார்டு யார்? சமையற்காரரா? டீக்குத் தண்ணீர் வைத்தவரா? "அடுப்பை அணை" என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் அந்தப் பெட்டியிலே இல்லை. ஏனெனில் அடுப்பை வைத்தவர்தான் அந்தப் பெட்டியின் எசமானர்.

நாமக்கல் தோழர்களுக்கு இந்தச் சேதி இரட்டிப்பாகச் சுடும். தென்னாட்டுக்கே சமையல் கேஸ் சுமக்கும் டாங்கர் லாரிகளின் தாய்வீடு நாமக்கல். அந்த டாங்கரை ஓட்டுகிற டிரைவர், ஆபத்தான பொருளைக் கையாளத் தனிப்பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும்; மோட்டார் வாகன விதியின் 9வது பிரிவு சொல்கிறது. வண்டியின் மேல் இன்ன சரக்கு என்று குறி எழுதவேண்டும். தீயணைக்கும் கருவி வைக்கவேண்டும். வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்க ஆர்.டி.ஓ. உண்டு, போலீஸ் உண்டு. ஆளில்லாத நெடுஞ்சாலையில் கேஸ் கொண்டுபோக இத்தனை கட்டுப்பாடு! அறுபது உயிர்கள் உறங்கும் பெட்டிக்குள் கேஸ் போனதைப் பார்க்க ஓர் ஆளில்லை! திருச்செங்கோட்டு லாரிப் பட்டறையில் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் கிளீனர்ப் பையன் பெட்டியைத் தட்டினால் டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார், "நீ யாரடா சொல்ல?" என்று கேட்பதில்லை. ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவதும் அந்தப் பையன்தான். அந்தப் பையனுக்குள்ள மதிப்பு, உல்லாச ரயிலில் தட்டு ஏந்தும் சிப்பந்திக்கு இல்லை.

வெளிநாட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. ரயிலைப் பெற்றெடுத்த பிரிட்டன் தேசத்தைப் பார்ப்போம். அங்கே ஸ்காட்லாந்து மலைகளில் ஜேக்கபைட் என்ற நீராவி உல்லாச ரயில் ஓடுகிறது. ஹாரி பாட்டர் படத்தில் மந்திரப் பள்ளிக்குப் போகும் ரயிலாக நம் குழந்தைகளும் பார்த்திருக்கும் பாலத்தின் மேல் ஓடும் வண்டி அது. பழைய பெட்டிகள்; கையால் திறந்து கையால் அறைந்து மூடும் கதவுகள். வண்டி ஓடும்போதே பயணி கதவைத் திறந்துவிட முடியும். ஆகவே எல்லாக் கதவுகளையும் ஒரே இடத்திலிருந்து பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்றது அந்நாட்டு ரயில் கண்காணிப்பு நிறுவனம். "செலவு தாங்காது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சிப்பந்திகள் இருக்கிறார்கள், போதாதா?" என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் கோர்ட்டு கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2024இல் சில வாரங்கள் வண்டியே நின்றது; பிறகு தற்காலிக அனுமதியோடுதான் ஓடியது. பெயர் பெற்ற வண்டி, வெளிநாட்டுப் பணம் கொட்டும் வண்டி என்று அவர்கள் தயங்கவில்லை. பூட்டு வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கச் சிப்பந்தியின் தலையில் பொறுப்பைக் கட்டும் தந்திரம் நம் நாட்டுக் காண்டிராக்டர்களுக்கு மட்டும் சொந்தமல்ல.

அதே பிரிட்டனில் இன்னொன்றும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனெனில் அது தொழிலாளரைப் பற்றியது. 2015ஆம் ஆண்டு மார்ச் 7ந் தேதி, வூட்டன் பாசெட் என்ற ஜங்ஷனில், அதே கம்பெனி நடத்திய ஒரு நீராவி உல்லாச ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்க் குறுக்குப் பாதையில் நின்றது. சற்று முன்தான் ஓர் அதிவேக எக்ஸ்பிரஸ் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. எப்படித் தாண்டியது? எச்சரித்துத் தானே பிரேக் போடும் கருவியை டிரைவரும் பயர்மேனும் சேர்ந்து செயலிழக்கச் செய்திருந்தார்கள். டிரைவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. கம்பெனிக்கு 2 லட்சம் பவுன் அபராதம். கருவி இருந்தது, பயிற்சி பெற்றவரும் இருந்தார். நேரத்துக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தை நிர்வாகமும் கண்டும் காணாமல் விட்டால் தொழிலாளியும் வழுக்கி விழுவான். இப்படி ஒருவன் நம் சங்கத்தில் இருந்தால், "நம் ஆள்" என்று மூடி மறைக்கும் வேலையைச் சங்கம் செய்யக்கூடாது. அரியலூரை மறந்துவிட்டோமா? 1956 நவம்பர் 23ந் தேதி மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து ஏறத்தாழ 150 உயிர்கள் போயின. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரிப் பதவியை விட்டு விலகினார். மேலே உள்ளவர் பொறுப்பேற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று பொறுப்பைத் தேடினால் அது சமையற்காரர் வரைக்கும் இறங்கி வந்து நின்றுவிடுகிறது.

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திரும்புவோம். நம் பக்கத்துக் கிராமங்களில் மாதச் சீட்டுக் கட்டி, வருஷ முடிவில் சுற்றுலா போகிறவர்கள் ஆயிரமாயிரம். வேனோ பஸ்ஸோ, அதன் வயிற்றில் அண்டா, அடுப்பு, அரிசி, கூடவே சிலிண்டர். "ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது" என்பது நியாயம்தான். ஏழையின் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. வழியில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் இறக்கி வைத்துச் சமைக்கும்வரை வினையில்லை. அதே பழக்கத்தை அப்படியே ரயில் பெட்டிக்குள் கொண்டுபோனால்? மதுரையில் எரிந்த பெட்டிக்காரர்களும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்களல்ல. விடியற்காலையில் ஒரு வாய் டீக்கு ஆசைப்பட்டவர்கள். 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்கு முதல் தனியார் யாத்திரை ரயில் சேலம் வழியாகத்தான் போனது. இனி இத்தகைய வண்டிகள் பெருகும். நம்மவர்களும் ஏறுவார்கள். ஆகவே சுற்றுலாச் சீட்டு நடத்தும் நம் தோழர்கள், ரயிலில் பெட்டி பிடித்தால் சாப்பாட்டை ஸ்டேஷனில் வாங்கும் செலவையும் சேர்த்தே சீட்டுத் தொகையைக் கணக்கிடட்டும். பத்திருபது ரூபாய் கூடினால் கூடட்டும்.

சேலம் கோட்ட அதிகாரிகளிடம் நாம் கேட்பது பெரிய கோட்டையல்ல. மலை ரயிலையோ வேறு எந்தப் பெட்டியையோ தனியாருக்கு வாடகைக்கு விடும்போது, ஒப்பந்தத்தில் உணவுப் பட்டியலும் சீருடையின் நிறமும் எழுதுகிற இடத்தில், உள்ளே பணி செய்யும் ஒவ்வொருவருக்கும் தீயணைப்பு, கதவு, அவசரச் சங்கிலி, முதலுதவி ஆகியவற்றில் ரயில்வேயே பயிற்சி கொடுத்துச் சான்று வழங்கவேண்டும் என்றும் எழுதட்டும். அந்தப் பயிற்சி நாட்களுக்கும் கூலி உண்டு என்பதையும் எழுதட்டும். குறைந்தபட்சக் கூலி கொடுத்த ரசீதைக் காட்டாத காண்டிராக்டருக்கு அடுத்த முறை வண்டி கிடையாது என்று சொல்லட்டும். வாடகைப் பெட்டி எங்கே கழற்றி நிறுத்தப்பட்டாலும், அது நிற்கும் வரையில் ரயில்வேயின் ஆள் ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்கட்டும். புறப்படும் இடத்திலும் கழற்றும் இடத்திலும் ரயில்வே பாதுகாப்புப் படை உள்ளே ஏறிப் பார்க்கட்டும். வாடகைக்கு எடுப்பவரின் பணத்தில் இந்தச் செலவைப் பிடித்துக்கொண்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டி மலை ரயிலை வாடகைக்கு எடுக்கிறவருக்கு, ஒரு காவலாளின் சம்பளம் எம்மாத்திரம்?

சிப்பந்தி பயணியைப் பார்த்து "கூடாது" என்று சொன்னால், அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கமுடியாது என்ற ஒரு வரியும் அந்த ஒப்பந்தத்தில் வேண்டும். நாம் முக்கியமாகக் கருதுவது இந்த ஒரு வரியைத்தான். கோபத்தில் பயணி எழுதும் புகாரைக் காண்டிராக்டரே படித்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம் ஒழியட்டும். அப்படிப்பட்ட புகார் கோட்ட அலுவலகத்துக்கு வரட்டும், இருதரப்பையும் கேட்கட்டும். சிப்பந்தி உண்மையில் முரடராக நடந்திருந்தால் அப்போது தண்டியுங்கள். பயணிக்கும் 139 என்ற எண் இருக்கிறது. குறை இருந்தால் அங்கே சொல்லட்டும்.

பிரேக்ஸ்மேன்களின் இடங்கள் காலியாகக் கிடந்தால் உடனுக்குடன் நிரப்பப்படவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இருந்தும் சொல்லி வைக்கிறோம், ஏனெனில் அந்த வேலைக்கும் ஒருநாள் காண்டிராக்டு என்று எவரேனும் யோசனை கூறக்கூடும். பல்சக்கரப் பாதையில் வாடகைக் கை வேண்டாம்.

கோடைக் காலம் வந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து சிறப்பு ரயில்கள் விடுவார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு தோழர்கள் குடும்பத்தோடு போவார்கள். போங்கள், குழந்தைகளுக்கு எஞ்சினைக் காட்டுங்கள். முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்பவரையும் காட்டுங்கள். தேநீர் கொண்டுவருகிற பெண்ணோ பையனோ "கதவைவிட்டு உள்ளே வாருங்கள்" என்று சொன்னால், இனாம் கொடுக்கிற நான் எங்கே, வாங்குகிற நீ எங்கே என்று முறைக்காமல் உள்ளே வந்து உட்காருங்கள். கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய மனுவை இந்த மாதக் கிளைக் கூட்டங்களில் படித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துகளில் ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளரின் கையெழுத்தும் இருக்கவேண்டும். அவர்கள் சங்கத்தில் இல்லையென்றால், முதலில் அவர்களைச் சங்கத்தில் சேருங்கள்.